கஞ்சி குடித்து வளர்ந்தவளுக்குச் சர்க்கரை எப்படி?

கேள்வி: எனக்கு வயது 36. சின்ன வயதில் ஒரு வேளைதான் வீட்டில் அடுப்பு எரியும். பள்ளிக்கூடச் சத்துணவில்தான் வயிறு நிறையும். கல்யாணம் வரை ஒல்லிக்குச்சி. இப்போது உயரம் 148 செ.மீ., எடை 57 கிலோ. வயிறு மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கிறது. சர்க்கரை என்று மாத்திரை கொடுத்துவிட்டார்கள். "என்னாத்த துன்னு ஏத்திக்கினே?" என்கிறாள் நாத்தனார். பயத்தில் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். கடைக்குட்டிக்கு 4 வயது, பிறக்கும்போது 2 கிலோ. "புள்ள தேறணும்" என்று மாமியார் பிஸ்கட்டும் சத்துபானமுமாகக் கொடுக்கிறார். சரியா?
- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: தின்றதால் மட்டும் வந்ததில்லை, அன்றைக்குத் தின்னக் கிடைக்காததற்கும் இதில் பங்குண்டு என்று நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

வயிற்றில் இருக்கும்போதும் முதல் இரண்டு வயதிலும் சாப்பாடு பற்றாவிட்டால், உடம்பு கிடைப்பதை முதலில் மூளைக்குக் கொடுக்கும். தசையும் கணையமும் சிறுநீரகமும் மிச்சத்தில்தான் வளரும். சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும்போது அதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசை. அது குறைச்சலான உடம்புக்குப் பிற்பாடு சோறும் பரோட்டாவும் தாராளமாகக் கிடைத்தால், சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். மிஞ்சியது கொழுப்பாகி வயிற்றில் ஏறும். டெல்லியில் பிறந்ததிலிருந்து எடை குறித்துவந்த பிள்ளைகளை, முப்பது வயதை ஒட்டிச் சோதித்த ஆய்வு 2004-ல் வந்தது. சர்க்கரைக் கோளாறு தெரிந்தவர்கள் பெரும்பாலும் 2 வயதுவரை ஒல்லி, அப்புறம் விடாமல் எடை ஏறியவர்கள். 12 வயதில்கூட அவர்களில் யாரும் குண்டு இல்லை.

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 26. நம் ஊர் உடம்புக்கு 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25 என்றால் பருமன். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டை உடனே தொடங்குங்கள். பட்டினி கிடந்தால், ஏற்கெனவே குறைவாக உள்ள தசையும் சேர்ந்து கரையும். மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் முட்டை, சுண்டல், மீன் வையுங்கள். காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. வஞ்சிரம் வேண்டாம், நெத்திலியும் காரப்பொடி மீனும் போதும். பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதைக் காலை, மாலை பத்துப் பத்துத் தடவை செய்யுங்கள். குடம் தூக்குவதே போதுமே என்பீர்கள். இடுப்பின் ஒரே பக்கம் பாரம் ஏற்றினால் முதுகுவலிதான் மிச்சம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைக்குட்டி விஷயத்தில் மாமியாரின் பாசம் புரிகிறது, ஆனால் வழி தப்பு. 4 வயதில் அவசர அவசரமாகச் சதை போடவைப்பது அந்த டெல்லிப் பிள்ளைகளின் பாதை. எடையைவிட உயரத்தைப் பாருங்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் அளந்து எழுதச் சொல்லுங்கள். பிஸ்கட்டிலும் பானத்திலும் சர்க்கரைதான் அதிகம். அங்கன்வாடி முட்டை, பருப்புச் சாதம், இடித்த வேர்க்கடலை கொடுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள். அடிக்கடி வயிற்றால் போனால் எதைக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது.

இன்னொன்று. சிறுநீரக வடிகட்டிகள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடும், பிறகு புதிதாக வராது. எடை குறைந்து பிறந்தவர்களுக்கு அவை குறைவாக இருக்கலாம். உங்கள் பிறப்பு எடை தெரியாது என்றாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலோ ரத்த அழுத்தத்தோடு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.