அமெரிக்காவில் ஆன்-கால் இரவுகளுக்கு ஓவர்டைம் கிடைக்குமா?

சம்பள ஊழியர், ‘எக்ஸெம்ப்ட்’ (ஓவர்டைம் விதியிலிருந்து விலக்கு பெற்றவர்) என்று போட்டிருக்கிறார்கள், வாரம் முழுக்க ஆன்-கால் (எப்போது அழைத்தாலும் வேலைக்குத் தயாராக இருப்பது). ஓவர்டைம் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மையிலேயே எக்ஸெம்ப்ட் என்றால், 1938-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டமான FLSA-படி (Fair Labor Standards Act) ஓவர்டைம் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு போன் அலறி, விடியும்வரை சர்வரோடு மல்லுக்கட்டினாலும் அதே சம்பளம்தான்.

ஆனால் அந்த ‘உண்மையிலேயே’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நிறுவனம் பெயர் வைத்தால் மட்டும் போதாது. வாரத்துக்கு 684 டாலருக்குக் குறையாத நிலையான சம்பளம் வேண்டும் (கலிஃபோர்னியாவில் வரம்பு இன்னும் அதிகம்). செய்யும் வேலையும் சட்டம் விலக்கு தரும் வகைக்குப் பொருந்த வேண்டும். பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பது, எழுதி வைத்த படிகளைப் பார்த்து ரீஸ்டார்ட் செய்வது இவைதான் முக்கிய வேலை என்றால், பதவிப் பெயர் எதுவானாலும் எக்ஸெம்ப்ட் ஆவது கஷ்டம். அப்போது 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு ஊதியம், பொதுவாக 2 ஆண்டு வரை பழைய பாக்கியும் கேட்கலாம். அழைப்பு வந்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் இன்றிலிருந்தே குறித்து வையுங்கள்.