கேள்வி பதில்: அப்பீலைக் குறைத்தால் கோர்ட்டுக்கு வேலை குறையுமா?

(பதில் சொல்பவர் மதுரைப் பக்கம் சிவில் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

மேலூர் வாசகர்: அப்பீல் விதிகளை இறுக்கினால் கோர்ட்டுக்குச் சுமை குறையும்தானே?

அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 1976 திருத்தம், இரண்டாம் அப்பீலுக்கு (முதல் அப்பீலின் தீர்ப்பை எதிர்த்து ஐகோர்ட்டில் போடுவது) முக்கியமான சட்டக் கேள்வி இருந்தே ஆக வேண்டும் என்றது. அப்புறம் என்ன, கேள்வி இருக்கிறதா இல்லையா என்பதற்கே தனி வாதம். கேள்வியை வகுக்காமல் ஐகோர்ட் அப்பீலை அனுமதித்துவிட்டால் சுப்ரீம் கோர்ட் திருப்பி அனுப்பும். வழக்குக் கட்டை மறுபடி அவிழ்க்க வேண்டும்.

2002 ஜூலையில், வழக்கு நடக்கும்போதே கீழ்க்கோர்ட் போடும் இடைக்கால உத்தரவுகளை ஐகோர்ட் சரிபார்க்கும் சீராய்வை (அதே சட்டத்தின் பிரிவு 115) சுருக்கினார்கள். வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? மனுவின் தலைப்பில் 115 போய், கீழ்க்கோர்ட்டுகளை ஐகோர்ட் மேற்பார்வை செய்யும் அதிகாரமான அரசியல் சாசனம் 227 வந்தது. கட்டின் கனம் அப்படியேதான் இருந்தது. போதாததற்கு, அப்பீல் உரிமை வழக்குப் போட்ட தேதியிலேயே பிறந்துவிடுகிறது என்பது 1957 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. புதுச் சட்டம் வெளிப்படையாகப் பறிக்காதவரை பழைய வழக்குக்குப் பழைய விதிதான். ஒரே மேஜையில் இரண்டு விதி; தேதியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும்.

உசிலம்பட்டி வாசகர்: அப்பீலுக்கு எத்தனை நாள்?

மாவட்டக் கோர்ட்டுக்கு 30, ஐகோர்ட்டுக்கு 90. தீர்ப்பு வந்த அன்றே அதன் நகல் கேட்டு மனு போடுங்கள். நகல் வாங்க ஆகும் நாள் இந்தக் கணக்கில் சேராது. மனுவே போடாமல் கடத்திய நாள் சேரும்.

வாடிப்பட்டி வாசகி: ஜீவனாம்சம்...

அது என் பாடமில்லை அம்மா. குடும்பநல வக்கீலைப் பாருங்கள்.

திருமங்கலம் வக்கீல்: எல்லாவற்றுக்கும் எங்கள் தலையா? அப்பீலைத் திறந்துவிட்டால் பேரன் காலம்வரை வாய்தாதான்.

சார், கோபம் வேண்டாம். நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஒரு வரப்புத் தகராறில் வாதி ஒருவர், பிரதிவாதி ஒருவர். இரண்டாம் அப்பீலுக்குள் இருவரும் போய்ச் சேர்ந்து, சிவப்பு மையில் வாரிசுகள் பெயர் பதினொன்று ஏறியிருந்தது. தகராறு அதே இரண்டடி வரப்பு. ஆனால் அந்தக் காலம் அப்பீலில் மட்டும் கரையவில்லை. முதலில் விசாரித்த முன்சீப் கோர்ட்டில் ஒரு ஆவணத்தைச் சாட்சியமாகச் சரியாகக் குறியிடாததால் திரும்பி வந்த வழக்கு அது. கீழே ஒழுங்காக விசாரிக்க ஆளும் நேரமும் கொடுக்காமல் மேலே கதவை மட்டும் இறுக்கினால் எப்படி?

அதே வக்கீல்: சின்னத் தொகை வழக்குகளையாவது தடுக்கலாமே?

தடுத்தாயிற்றே! 25,000 ரூபாய் வரையிலான பண வசூலுக்கு இரண்டாம் அப்பீல் கிடையாது. வரப்பு பண வசூல் இல்லையே, சார்.

சோழவந்தான் வாசகர்: அப்பீல் போட்டாலே ஸ்டே, அதாவது தீர்ப்பை நிறைவேற்றத் தடை, கிடைத்துவிடும்தானே?

இல்லை. தனியாக மனுப் போட்டு வாங்க வேண்டும்.

பேரையூர் வாசகர்: ஐயா, 30 நாளா, 90 நாளா?

மேலே சொல்லியாயிற்று. நகல் மனு போட்டாயிற்றா, இல்லையா?