ஐரீனுக்கு என்னதான் பிரச்சனை?

அன்புள்ள சார்,

நீங்க சொன்னீங்கன்னு இத்தாலிய டைரக்டர் ரோஸலினியோட 'யூரோப்பா 51' (1952) படம் பார்த்தேன். எரிச்சல்தான் வந்துச்சு. ரோம்ல ஐரீன்னு ஒரு பணக்கார அம்மா, பையன் செத்ததும் ஏழைங்க வீட்டுக்குப் போய் உதவறாங்க, கடைசில பைத்தியம்னு அடைச்சிடறாங்க. வசதியானவங்களுக்கு துக்கம்கூட ஒரு பொழுதுபோக்கா? சோத்துக்கு இல்லாதவன் எங்க சார் அர்த்தம் தேடறான்?

கா., மதுரை

அன்புள்ள கா.,

முதல் அரைமணி நேரம் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஃபேக்டரி சீனைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே. ஏழைப் பொண்ணா வர்ற ஜூலியெட்டா மசீனாவுக்கு அப்பதான் வேலை கிடைச்சிருக்கு, முதல் நாளே ஒருத்தனைப் பாக்கப் போகணும், எனக்குப் பதிலா நீங்க போயிடுங்கன்னு சொல்றா, ஐரீனும் போறாங்க. மெஷின் சத்தத்துக்கு நடுவுல ஐரீனா நடிச்ச இன்கிரிட் பெர்க்மன் மூஞ்சியைப் பாருங்க, கருணை கிருணை எதுவும் கிடையாது, வெறும் பயம். 1934-35ல பாரிஸ்ல ஃபேக்டரி வேலைக்குப் போன பிரெஞ்சு தத்துவவாதி சிமோன் வெய்லோட சாயல் ஐரீன்ட்ட இருக்கு. திரும்பி வந்து, உழைப்புதான் விடுதலைன்னு பேசற கம்யூனிஸ்ட் சொந்தக்காரர்ட்டயே அது தண்டனைங்கற மாதிரி பேசறாங்க, அதோட அந்தக் கதவும் சாத்திக்குது.

கட்சில சேர்ந்தா புரட்சிக்காரி, மடத்துல சேர்ந்தா கன்னியாஸ்திரி, ரெண்டுக்கும் பேர் இருக்கு. இவங்க ரெண்டுலயும் சேரல, அதான் புருஷன், டாக்டர், ஜட்ஜ், பாதிரியார் யாருக்கும் பிடிபடல. ரோஸலினியே சொன்ன கதை ஒண்ணு, போர் சமயம் ரோம்ல கள்ளச்சந்தைல துணி வித்த ஒருத்தர் தானே போலீஸ்ட்ட போய் தப்பை ஒத்துக்கிட்டாராம், அவங்க அவரை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்களாம். நம்ம பட்டினத்தார் மட்டும் என்ன, இன்னைக்கு சித்தர்னு கும்பிடறோம், அன்னைக்கு குடும்ப மானம் போகுதுன்னு கூடப்பிறந்த அக்காவே அப்பத்துல விஷம் வெச்சுக் குடுத்ததாத்தானே கதை.

சோத்துக்கு இல்லாதவங்க பத்திக் கேட்டீங்க, கடைசில ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னு புனிதவதின்னு கூப்பிடறது அவங்கதான். அதுவும் ஒரு பேர்தானேன்னு எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அதை விடுங்க.

முடிஞ்சா முதல் பார்ட்டி சீனை இன்னொரு தடவை பாருங்க. அம்மா கிளம்பற அவசரத்துல இருக்காங்க, பையன் பக்கத்துலயே சுத்திட்டிருக்கான், அப்புறம் பேசலாம்ங்கற தோரணை. அன்னைக்கு ராத்திரிதான் மாடிப்படில இருந்து விழறான். படம் முடியற நேரத்துல அந்த மனநல விடுதில சாகப் பார்த்த ஒரு பொண்ணு, யார்னே தெரியாது, அவ கட்டில்ல போய் உக்காந்து நான் இருக்கேன்னு சொல்றாங்க. அப்ப அவங்களுக்கு எந்த அவசரமும் இல்ல.