அடுத்தடுத்து மூன்று சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு நாளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவருக்கு ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், கையில் ஒன்று. ஒன்றைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது, மூன்று பேருக்கும் சமமாக நேரம் ஒதுக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தச் 'சமமாக'வைத் தூக்கிப் போடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இதையும் நாலு தடவை எழுந்து போய் வந்துதான் எழுதினேன்.

என் வீட்டில் மூத்தவளுக்கு ஆறரை வயது, நடுவனுக்கு நாலு ஆகப்போகிறது, கடைக்குட்டிக்கு ஒன்றே கால். நான் வீட்டிலிருந்தே கொஞ்ச நேரம் வேலை பார்க்கிறேன், அதாவது பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கணவர் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். ஆக பகல் முழுவதும் நான் ஒருத்தி, எதிரே மூன்று பேர்.

குட்டி பிறந்த புதிதில் நானும் மணி பார்த்துப் பங்கு போட்டேன். இவனுக்கு அரை மணி, அவளுக்கு அரை மணி. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பங்கு போட்டபடி பசி வருமா, மலம் வருமா, தூக்கம்தான் வருமா? அப்புறம் தானாகவே ஒரு வரிசை வந்துவிட்டது: யாரால் காத்திருக்க முடியாதோ அவருக்கு முதலில். கைக்குழந்தை முதல், நடுவன் அடுத்து, மூத்தவள் கடைசி. நியாயமாகத்தான் தோன்றியது. "நீ பெரியவதானே, கொஞ்சம் இரு" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எண்ணியதில்லை. அந்தப் 'பெரியவளு'க்கு அப்போது ஐந்து வயது.

ஒரு நாள் குட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள், கீழே முன்பல் ஒன்று இல்லை. பதறிப்போய் எப்போது விழுந்தது என்று கேட்டால் முந்தாநாள் என்கிறாள். ஓடிப்போய்ப் பென்சில் டப்பாவைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த பல்லை எடுத்துக் காட்டினாள். "உனக்கு வேலை முடிஞ்சதும் காட்டலாம்னு வச்சிருந்தேன்." முதல் பல். இரண்டு நாள் அவள் வாயை நான் பார்க்கவே இல்லை. பல் தேய்த்துவிட்டேனே என்றால், அதுவும் இல்லை, அவள்தான் பெரியவளாயிற்றே, தானே தேய்த்துக்கொள்கிறாள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் மூன்று பிள்ளை உள்ள வீட்டில் அந்தப் பழமொழியின் மறுபக்கத்தைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அழாத பிள்ளை என்ன செய்யும்? பென்சில் டப்பாவில் மடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் தொந்தரவு கொடுப்பவர்களைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள், ஐந்து வயதுக்காரரைப் பற்றி 'அவன் பரவாயில்லை' என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுதத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு நான் மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. குட்டி தூங்கி, நடுவன் எதிலாவது மூழ்கி, எனக்கு எதிர்பாராமல் ஒரு பத்து நிமிடம் கிடைத்தால் அது பாத்திரத்துக்குப் போவதில்லை, அன்று அதுவரை யார் என்னை ஒன்றுமே கேட்கவில்லையோ அவருக்குப் போகிறது. பெரும்பாலும் மூத்தவள். சில நாள் நடுவனும்தான், அவனும் சில நாள் சத்தமில்லாமல் சுருண்டுவிடுவான்.

இன்னொன்று, கைக்குழந்தையைக் காக்க வைப்பது. அதுவும் மற்றவர்கள் காதில் விழும்படி. "டேய் குட்டி, கொஞ்சம் இரு, அக்காவுக்கு இதை முடிச்சுட்டுத்தான் வருவேன்." பத்து மாதக் குழந்தைக்கு இது என்ன புரியும், ஒன்றும் புரியாது, அது பாட்டுக்குக் கத்தும். ஆனால் அக்கா நிமிர்ந்து பார்ப்பாள். வயிறு நிறைந்து, துணி உலர்ந்து, ஆபத்தில்லாத இடத்தில் இருக்கும் குழந்தை இரண்டு மூன்று நிமிடம் அழுவதால் ஒன்றும் ஆகிவிடாது. இதைச் செய்ய எனக்கு மூன்றாவது பிள்ளை வரை ஆனது. முதல் பிள்ளை சிணுங்கினாலே அடுப்பை அணைத்துவிட்டு ஓடியவள்தான் நானும்.

இனி சண்டை. சின்னவர்கள் சேர்ந்து விளையாட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதே பாதிச் சண்டைக்குக் காரணம். மில்ட்ரெட் பார்ட்டன் என்கிற ஆய்வாளர் மழலையர் பள்ளிக் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து எழுதி 1932-இல் வெளியிட்டார். அவர் சொன்னதில் எனக்கு உதவியது ஒன்றுதான்: இரண்டு, மூன்று வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்ந்து விளையாடுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுகிறார்கள். சேர்ந்து திட்டம் போட்டு விளையாடுவது அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருவது. இது தெரிந்த பிறகு "ரெண்டு பேரும் பகிர்ந்துக்கோங்க" என்று கத்துவதை நிறுத்திவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் சட்டம், யார் கையில் இருக்கிறதோ அவர் முடித்துவிட்டுக் கொடுக்கலாம், பிடுங்கக் கூடாது, நானும் பிடுங்கித் தர மாட்டேன். முதல் பத்து நாள் வீடு இரண்டுபட்டது. நடுவன் ஒரு பொம்மை லாரியை வேண்டுமென்றே கக்கத்தில் வைத்துக்கொண்டு கழிவறைக்குக்கூடப் போனான். இப்போது அலுத்துவிட்டது, வைத்துக்கொள்வதில் அவனுக்கு முன்போல் சுவாரசியம் இல்லை.

குட்டி தவழத் தொடங்கியதும் மூத்தவள் கட்டும் வீடு, கோபுரம் எல்லாம் ஐந்தே நொடியில் தரைமட்டம். குழந்தை வெளியே வராமலிருக்க வாங்கிய தடுப்புச் சட்டம் ஒன்று இருந்தது. ஒரு நாள் எரிச்சலில் அதற்குள் மூத்தவளையும் அவள் சாமான்களையும் விட்டுவிட்டுக் குட்டியை வெளியே விட்டேன். இன்றுவரை நான் கண்டுபிடித்ததிலேயே உருப்படியானது அதுதான். அவள் உள்ளே ராணி மாதிரி உட்கார்ந்து பொடிப்பொடி மணிகளைக் கோக்கிறாள், குட்டி வெளியிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது.

அந்தப் பொடி மணி விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரே பிள்ளை என்றால் அந்த வயதுக்குத் தகுந்த பொம்மை மட்டும் வீட்டில் இருக்கும். வயது கலந்த வீட்டில் பெரியவளின் பொம்மைதான் சின்னவனுக்கு ஆபத்து. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க ஏறக்குறைய 3.2 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம் என்பது கணக்கு. நான் உருளைக்கு எங்கே போவேன், அதே அளவில் ஒரு மூடி வைத்திருக்கிறேன். அதைவிடப் பயப்பட வேண்டியது பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும், விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, அழவில்லை இருமவில்லை என்று காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். திருகு ஆணி போட்டு மூடாத பேட்டரிப் பொம்மைகளை எல்லாம் வீட்டை விட்டே அனுப்பிவிட்டேன். இழுப்பறை அலமாரியைச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிட்டோம், நடுவன் இழுப்பறைகளைப் படிக்கட்டு போல் இழுத்து வைத்து ஏறுவதைக் கண்ணால் பார்த்த அன்றே. வாளியில் தண்ணீர் மிச்சம் வைப்பதும் அன்றோடு சரி.

காய்ச்சல் காலம் தனிக் கதை. மூன்று பேரும் ஒன்றாகப் படுத்தால்கூடப் பரவாயில்லை, ஒருவர் எழுந்திருக்கும்போது அடுத்தவர் படுப்பார், ஒரு சளி எங்கள் வீட்டைச் சுற்றிவிட்டுப் போக மூன்று வாரம் ஆகும். இதில் ஒரு தடவை நான் மருந்து கொடுத்தது தெரியாமல் கணவர் மறுபடி அளந்துகொண்டிருந்தார், நல்லவேளை கையைப் பிடித்துவிட்டேன். பாராசிட்டமால் வயதைவிட எடையைப் பார்த்துக் கொடுப்பது, ஆகையால் மூன்று பேருக்கும் மூன்று அளவு, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு இதெல்லாம் மண்டையில் நிற்காது. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள், பெயர், எடை, மருத்துவர் சொன்ன அளவு, கொடுத்த நேரம், கொடுத்தவர் யார். அவ்வளவுதான். கொடுத்துவிட்டு எழுதாதே, எழுதிவிட்டுக் கொடு என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் எழுத மறந்துவிடும்.

காலை நேரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. துணியை ராத்திரியே எடுத்து வைப்பது எல்லோரும் சொல்வதுதான். நடுவன் எழுந்தவுடன் எதையும் செய்ய மாட்டான், கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதைத் திட்டித் திட்டி மாற்றப் பார்த்துத் தோற்று, இப்போது அவனை மட்டும் கால் மணி முன்னதாக எழுப்பிவிடுகிறேன். உட்காரட்டும்.

தூக்கத்தில்தான் நாளே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காக 2019-இல் கொடுத்த வழிகாட்டுதல்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 1–2 வயதில் 11 முதல் 14 மணி நேரம், 3–4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். எண்ணிப் பார்த்தால் நடுவனுக்கு ஒன்றரை மணி நேரம் குறைந்திருந்தது, சாயங்காலம் அவன் ஆடிய ஆட்டத்துக்குக் காரணம் குணம் இல்லை, தூக்கம். மூன்று பேரையும் ஒரே நேரத்தில் படுக்க வைக்கப் பார்த்த காலத்தில் ஒருவர் இன்னொருவரை எழுப்பியே ஒன்பதரை ஆகிவிடும். இப்போது ஏழேகாலுக்குக் குட்டி, ஏழே முக்காலுக்கு நடுவன், எட்டரைக்கு மூத்தவள். ஒரு அறை, மூன்று நேரம். குட்டியைத் தூங்க வைக்கும் அந்த அரை மணி நேரம் மற்ற இருவருக்கும் டிவி. ஆமாம், டிவிதான். அதே வழிகாட்டுதல் ஒரு வயதில் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. பெரியவர்கள் பார்த்தால் குட்டியும் பார்க்கும் என்பதால், அது கண்ணை மூடும் நேரத்தில்தான் எங்கள் வீட்டில் டிவி கண்ணைத் திறக்கிறது.

நாங்கள் அந்தக் காலத்தில் ஆறு பெற்று வளர்க்கவில்லையா என்று யாராவது உங்களிடம் சொன்னால் மறுக்காதீர்கள், அந்த ஆறில் மூத்தது யார், எத்தனை வயதில் கடைசித் தம்பியை இடுப்பில் தூக்கியது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஏழே முக்காலுக்கும் எட்டரைக்கும் நடுவில் இருக்கிற முக்கால் மணி நேரம் மூத்தவளுடையது. பெரிதாக எதுவும் செய்வதில்லை. நான் துணி மடிக்கிறேன், அவள் பக்கத்தில் பென்சில்களை உயரப்படி அடுக்குகிறாள், பல நாள் பேசுவதுகூட இல்லை. நேற்று மேல்பல் ஒன்று ஆடுகிறது என்றாள். மூன்று தடவை தொட்டுப் பார்க்கச் சொன்னாள், மூன்று தடவையும் தொட்டுப் பார்த்தேன்.