அத்தை கொடுத்த இருநூறு ரூபாய்

கேள்வி: நான் 36 வயதுப் பெண். வங்கி வேலை, சென்னையில் சொந்த ஃபிளாட். எட்டு ஆண்டுகளாக என் துணைவியோடு வாழ்கிறேன். தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக வெளியூர்க் கூட்டங்களில் பேசுகிறேன், புனைபெயரில் எழுதுகிறேன். சமீபத்தில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அணைத்துவிட்டார்கள். எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு விஷயம் தெரியும், உறவினர்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது என் துணைவிதான் விடுப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். (பார்க்க வந்த அத்தையிடம் அம்மா அவளை ஹோம் நர்ஸ் என்று சொல்லிவிட்டார். அத்தை கிளம்பும்போது என் கண்ணெதிரிலேயே அவள் கையில் இருநூறு ரூபாயைத் திணித்தார். பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.) இவ்வளவு வெறுப்பு நிறைந்த சமூகத்தில் சோர்ந்துபோகாமல் குரல் கொடுப்பது எப்படி?

பதில்: மைக்கை அணைத்தவர்களை விடுங்கள். அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

சிரித்தது யார்? பெட்பேன் எடுத்து, வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கிய பெண், கூலிக்காரியாக நின்று அந்த நோட்டை வாங்கியிருக்கிறார். மறுத்தால் உங்கள் அம்மாவின் பொய் அம்பலமாகும், அதனால் வாங்கினார். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் பேச்சை ஒரு கூட்டத்தில்தான் நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணுக்கு உங்கள் வீட்டில் மைக்கே கிடையாது.

குடும்ப விஷயத்தில் நான் பழைய ஆள். பெற்றவளைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. அதில் எனக்குப் பேரமே கிடையாது. அந்தக் கடமையை நம்மோடு சேர்ந்து சுமந்தவரை முறை சொல்லி அழைப்பதும் கடமைதான். மருமகள் செய்திருந்தால் அத்தை காசு கொடுத்திருப்பாரா? தலையைத் தடவிவிட்டுப் போயிருப்பார்.

2021-ல், மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களின் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தன் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பிறகே தீர்ப்பு எழுதினார். நீதிபதிக்கு அதில் கூச்சமில்லை. உங்களுக்கு அத்தையிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

சட்டம் பாதி தூரம்தான் வந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். 2018-ல், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் கொடுக்கைப் பிடுங்கிய உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் திருமண உரிமையைத் தர மறுத்துவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்: நாளை உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், அந்த ஃபிளாட்டில் அவர் யார்? உங்கள் பிறந்த வீட்டார் வந்து, 'நர்ஸம்மா, கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்' என்பார்கள். தன்பாலினத் துணைவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய அரசு 2024 ஆகஸ்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. வங்கியில் வேலை பார்க்கிற உங்கள் கணக்குகளில் யார் பெயர் இருக்கிறது? நாமினி மட்டும் போதாது, உயிலும் எழுதுங்கள். இந்த மாதமே.

அத்தை விஷயத்தில் முதலில் உங்கள் துணைவியைக் கேளுங்கள். அவருக்கும் அலுவலகம் இருக்கிறது, பெற்றோர் இருப்பார்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். நானும் வாயை மூடிக்கொள்கிறேன். சரி என்றால் அன்றைக்கே அத்தைக்குப் போன் செய்து, "அவள் நர்ஸ் இல்லை அத்தை, என்னோடு குடித்தனம் செய்கிறவள். சம்பளம் வாங்காமல்தான் அம்மாவைப் பார்த்தாள்" என்று சொல்லுங்கள். சுற்றி வளைக்காதீர்கள். புள்ளிவிவரம், உரிமை, போராட்டம் எதுவும் வேண்டாம்.

அம்மா கொதிப்பார். மானம் போய்விட்டது, வேறு பிள்ளை வீட்டுக்குப் போகிறேன் என்பார். தாராளமாகப் போகட்டும். மாத்திரைச் சீட்டையும் வாக்கரையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதை உங்கள் துணைவியையே எழுதித் தரச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது.