நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்குக் கொரோனா காலத்தில் மூச்சுத்திணறல் கூடியபோது, அது பழைய நோயா புதிய தொற்றா என்று வீட்டில் எப்படி அறிந்தீர்கள்?

கேள்வி கேட்டவர், தம் தந்தைக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாகவும், கொரோனா நாட்களில் இத்தகைய நோயாளிகளை வைத்திருந்த குடும்பங்கள் என்ன செய்தன என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். என் அம்மாவுக்கும் அதே நோய்தான். 2020 டிசம்பரில் ஒரு முறையும் 2021 மே மாதத்தில் ஒரு முறையும் அவரை அழைத்துக்கொண்டு தருமபுரிக்கு ஓடினோம். முதல் முறை வந்தது பழைய நோய். இரண்டாம் முறை கொரோனா. வீட்டில் இருந்தவரையில் எங்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்பதே உண்மையான பதில். பிரித்தறிந்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்ததுதான் நாங்கள் செய்த தவறு.

அம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டவர் அல்லர். கடத்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைகள் மிகுதி. அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் கொப்பரை அடுப்பில் காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளும் வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்தால் விறகடுப்பு. புகைபிடிப்பவர்களுக்கு வரும் நோய் இது என்ற எண்ணம் ஊரில் வேரூன்றியிருந்ததால், அவருடைய இளைப்பை வயதின் சோர்வு என்றே நாங்கள் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2017இல் குழாயில் வேகமாக ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைச் செய்த பிறகுதான், அடுப்புப் புகையும் இந்நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர் விளக்கினார். மூச்சுக்குழாய்கள் குறுகி, காற்றறைகள் சிதைந்து, உள்ளே போன காற்று முழுவதும் வெளியேற முடியாமல் தேங்கி நிற்கும் நோய் இது. சிதைந்த பகுதி மீண்டும் பழைய நிலைக்கு வராது. அன்றாடம் இழுக்க ஓர் இன்ஹேலரும், திணறல் கூடும்போது இழுக்கச் சால்பியூட்டமால் இன்ஹேலரும் கொடுத்தார்கள். அதன் பிறகும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது சளி பிடித்து, இளைப்பு கிளம்பி, படுக்க முடியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்தே இருப்பார்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது எங்களுக்கு இருந்த அச்சத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஏப்ரல் இறுதியில் தமிழ்நாட்டில் தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரி என்பதால், காவேரிப்பட்டினத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அம்மாவை அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தோம். ஆனால் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது: ஏப்ரல் முதல் நவம்பர் வரை அம்மாவுக்கு ஒரு முறைகூட இளைப்பு கிளம்பவில்லை. காரணத்தைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். இந்நோய் திடீரெனக் கூடுவதற்குப் பெரும்பாலும் சாதாரணச் சளிக் காய்ச்சலைத் தரும் வைரஸ்களே காரணம். முகக்கவசமும் கைகழுவுதலும் வீட்டில் அடைந்திருத்தலும் அவற்றையும் சேர்த்தே தடுத்துவிட்டன. பல நாடுகளில் அந்த ஆண்டு இந்நோய் கூடி மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்ததாக ஆய்வுகள் கூறின. அந்தக் குறைவு முழுவதையும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் கொரோனா தொற்றிவிடும் என்று அஞ்சி வீட்டிலேயே திணறிக்கொண்டிருந்தவர்களும் அதில் அடங்குவர். அவர்களில் ஒருவர் என் அம்மா.

டிசம்பரில் பனி இறங்கியதும் அவருக்கு இருமல் தொடங்கியது. அதை அவர் எங்களிடம் மறைத்தார். இருமுகிறவரைக் கண்டால் தெருவே கதவைச் சாத்திய காலம் அது. ஒரு வீட்டில் தொற்று என்றால் வாசலில் தகரம் அடித்ததை அவர் பார்த்திருந்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் இருமிவிட்டு வந்திருக்கிறார். நான்காம் நாள் அண்ணிதான், “அத்தை துப்புற சளி பச்சையா இருக்கு, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருக்காங்க” என்று என்னிடம் சொன்னார். விரலில் மாட்டினால் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 86 காட்டியது. மூச்சு வாங்குவது கூடுவது, சளி அதிகமாவது, சளியின் நிறம் மாறுவது ஆகிய மூன்றும் நோய் கூடுவதன் அடையாளங்கள் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றும் நான்கு நாட்களாக வீட்டுக்குள்ளேயே இருந்தும், கேட்பதற்கு எங்களில் ஒருவரும் முன்வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மருத்துவமனையில் முதலில் கொரோனா சந்தேக வார்டில் படுக்க வைத்து மாதிரி எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் சிகிச்சையை அப்போதே தொடங்கினார்கள். மருந்தைப் புகைபோலாக்கித் தரும் நெபுலைசர் வைத்தால் நோயாளியின் மூச்சுத்துளிகள் காற்றில் பரவக்கூடும் என்பதால், ஸ்பேசர் எனப்படும் கூடு பொருத்திய இன்ஹேலரிலேயே மருந்தைக் கொடுத்தார்கள். முறையாக இழுத்தால் அதுவும் நெபுலைசருக்கு இணையாகவே வேலை செய்யும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற கணக்கில் ஐந்து நாட்களுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும், சளியின் நிறம் மாறியிருந்ததால் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். மறுநாள் கொரோனா இல்லை என்று முடிவு வந்தது.

இந்த ஸ்டீராய்டு மருந்தைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றிய கொரோனா நோயாளிகளின் உயிரிழப்பை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு குறைக்கிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அந்தப் பாதி பலருடைய காதில் விழாமலேயே போனதால், காய்ச்சல் வந்த உடனேயே மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியவர்களை எங்கள் ஊரிலும் பார்த்தேன். இதற்கு நேர்மாறாக, இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருப்பதால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும், கொரோனா முடியும்வரை அதை நிறுத்திவிடுங்கள் என்று மாமா ஒருவர் அம்மாவிடம் வற்புறுத்தினார். மருத்துவரைக் கேட்டபோது, அன்றாட இன்ஹேலரை நிறுத்துவதுதான் ஆபத்து என்று தெளிவாகச் சொன்னார். உங்கள் தந்தைக்கும் யாரேனும் அப்படி ஆலோசனை சொன்னால், தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இரண்டாம் அலையில் எங்களை நிலைகுலைய வைத்தது 94 என்ற எண். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. நுரையீரல் நன்றாக உள்ளவர்களுக்கு அது சரியான எச்சரிக்கை. ஆனால் அம்மாவுக்கு உடல் நன்றாக இருக்கும் நாளிலேயே 91தான் காட்டும். 2021 மே மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து, தொற்று உறுதியானபோது அளவு 90 இருந்தது. வழக்கத்தைவிட ஒன்று மட்டுமே குறைவு என்று நாங்கள் நிதானிக்கவில்லை. படுக்கை கிடைக்காது என்ற பீதியில், உறவினர் ஒருவர் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த சிலிண்டரை மாட்டி, நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வீதம் வைத்தோம். எண் 98க்கு ஏறியது. வீடே மகிழ்ந்தது. இரவு பத்து மணிக்கு அம்மா தலைவலிக்கிறது என்றார். பிறகு பேச்சு குழறியது. எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மயங்கியது போல் உறங்கினார். 98 இருக்கும்போது என்ன ஆகிவிடப்போகிறது என்று நாங்கள் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கழித்தோம்.

மருத்துவமனையில் தமனி ரத்தத்தைப் பரிசோதித்தபோது, கரியமிலவாயு மிக அதிகமாகத் தேங்கியிருந்தது. நாள்பட்ட அடைப்பு நோய் உள்ள சிலருக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால், கரியமிலவாயுவை வெளியேற்றும் வேலை தடைப்பட்டு, அது ரத்தத்தில் சேர்ந்து, மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனை மட்டுமே அளக்கும். கரியமிலவாயுவை அது காட்டாது. அதனால்தான் இத்தகைய நோயாளிகளுக்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதே இலக்கு. அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவைக் கட்டுப்படுத்தித் தரும் வெஞ்சுரி முகக்கவசத்தை மாட்டி, மூச்சுக்கு உதவும் இயந்திரத்தையும் பொருத்தினார்கள். ஒன்பது நாட்களில் வீடு திரும்பினார். பெரியவர்களுக்கான கொரோனா சிகிச்சைக்கு எய்ம்ஸும் ஐ.சி.எம்.ஆரும் வெளியிட்ட வழிகாட்டியில் பொதுவான இலக்கு 92 முதல் 96 வரை என்றும், அதன் அருகிலேயே அடைப்புக்குறிக்குள் இந்நோயாளிகளுக்கு 88 முதல் 92 வரை என்றும் இருந்ததைப் பின்னர் படித்தேன். எங்கள் கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்த நூற்றுக்கணக்கான செய்திகளில் ஒன்றில்கூட அந்த அடைப்புக்குறி இல்லை.

ஆகையால், உங்கள் தந்தை நன்றாக இருக்கும் இந்த நாட்களிலேயே ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, விரல் குளிர்ந்திராமல் தேய்த்துவிட்டு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் ஏழு நாட்கள் அளந்து எழுதுங்கள். சாதாரண நாளில் சளி என்ன நிறம், எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டி, இவருக்கு எந்த எண் காட்டினால் மருத்துவமனைக்கு வர வேண்டும், ஆக்சிஜன் கொடுக்க நேர்ந்தால் எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். இன்ஃபுளுவென்சா, நிமோகாக்கல் தடுப்பூசிகளையும் அன்றே கேட்டுவிடுங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், “வழக்கமான அளவு 91, ஆக்சிஜன் கொடுத்தால் 88 முதல் 92 வரை” என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று அம்மாவின் சுருக்குப்பையில் இன்ஹேலரோடு சேர்ந்து எப்போதும் இருக்கும். இருமல் வந்தால் முதல் நாளே அவராகவே நோட்டைக் கேட்டு வாங்கி, சளியின் நிறத்தைச் சொல்லி எழுதச் சொல்கிறார்.