'ஆமாம், அனுப்பவில்லை'

பள்ளியில் இலக்கணத்தை முறையாகப் படித்திருந்தும், இங்கே வந்து நான்கு பேரிடம் ஆங்கிலத்தில் பேசும்போது பிழை மேல் பிழை வருகிறது, எதிலிருந்து திருத்தத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளையே மாற்றிவிடும் பிழைகளிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'தி' விடுபட்டால் கேட்பவர் பெரும்பாலும் தாமே நிரப்பிக்கொள்வார். தமிழில் 'தி'க்கு நேரான சொல் இல்லாததால், பதினைந்து ஆண்டுகள் ஆகியும் எனக்கே அது இன்னும் வழுக்குகிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது எதிர்மறைக் கேள்விக்குச் சொல்லும் விடைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர், 'ஹேவன்ட் யூ சென்ட் தி ரிப்போர்ட்?' என்று கேட்டார். 'ஆமாம், அனுப்பவில்லை' என்று மனத்தில் எண்ணிக்கொண்டு 'யெஸ்' என்றேன். அவரோ அறிக்கை போய்விட்டதென்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். தமிழில் கேட்டவரின் கூற்றுக்கு உடன்படுகிறோம். ஆங்கிலத்தில் செயல் நடந்ததா இல்லையா என்பதற்கே விடை சொல்ல வேண்டும். அனுப்பவில்லையென்றால், கேள்வி எந்த வடிவில் வந்தாலும், 'நோ, ஐ ஹேவன்ட்' என்பதுதான் விடை. வெறும் 'யெஸ்', 'நோ'வோடு நிறுத்தாமல் பின்னிரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லிப் பழகினால் இந்தக் குழப்பம் எழாது.

அடுத்தது காலம். 'இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்' என்பதை நம்மவர் 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று பெயர்த்துவிடுகிறோம். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்' என்பதே சரி. பிழைக்கு அஞ்சி 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்றீர்களானால், வேலையை விட்டுவிட்டதாகவே பொருள்படும். 'ஃபார்', 'சின்ஸ்' வேறுபாட்டுக்குத் தமிழே துணை நிற்கும்: 'இரண்டு மணி நேரமாக' என்று வந்தால் 'ஃபார்', 'இரண்டு மணியிலிருந்து' என்று வந்தால் 'சின்ஸ்'.

'டிஸ்கஸ் அபவுட்', 'ரிடர்ன் பேக்' போன்றவற்றில் பின்னால் ஒட்டும் மிகைச்சொல் காதை உறுத்துமே தவிரக் காரியத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் விளக்கம் கேட்க நினைத்து 'ஐ ஹேவ் எ டவுட்' என்பதை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். நமக்கு அது பாடத்தில் எழும் ஐயம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் காதிலோ நீங்கள் அவர்கள் சொன்னதை நம்பவில்லை என்பதாக விழும். 'ஐ ஹேவ் எ க்வெஸ்டின்' என்றாலே போதும்.